கடன் வாங்கிய மைக்கில் பாட்டு வருமா?

மாதத்தின் முதல் வாரத்தில், மாலை வேளையில், மும்பை லாமிங்டன் ரோட்டில் நடந்து பார்த்தால், கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி வரும் கூட்டத்தில் தமிழ் இளைஞர்கள் சிலரையும் காணலாம். ஒருவர் ஏதாவது கம்பெனியில் கணக்கு எழுதுகிறவராக இருப்பார். மற்றொருவர் கூரியர் ஆபீசிலோ தையல் பட்டறையிலோ வேலை பார்ப்பவராக இருப்பார். இவர்களுடைய தகப்பனார்கள் அதே தெருவில் டூ-இன்-ஒன் டேப் ரிகார்டருக்கு விலை விசாரித்தவர்கள். பிள்ளைகள் இன்று மைக்குக்கும், ஹெட்ஃபோனுக்கும், 'ஆடியோ இன்டர்ஃபேஸ்' என்கிற சின்னப் பெட்டிக்கும் விலை விசாரிக்கிறார்கள். வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய வேண்டும், பாட்காஸ்ட் என்கிற பேச்சு நிகழ்ச்சி நடத்த வேண்டும், இதுதான் ஆசை.

தாராவியின் ஒற்றை அறை வீடு ஒன்றில் இப்படி ஒரு காட்சி நடந்தால் அதில் வியப்பில்லை. மருமகன் விலைப் பட்டியலை நீட்டுகிறான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து நாற்பது ஆண்டுகள் உழைத்த தாய்மாமன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மொத்தத் தொகையைப் பார்க்கிறார். "ஏலே, பாட்டுப் படிக்கதுக்குத் தொண்டை வேணுமா, இந்தப் பெட்டி வேணுமா?" என்று கேட்கிறார். "ரெண்டும் வேணும் மாமா" என்கிறான் மருமகன்.

இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், எது முதலில், எது பிறகு, எதற்கு எவ்வளவு என்பதை இருவருமே சொல்லவில்லை. கடைக்காரரும் சொல்லமாட்டார், விற்பது அவர் தொழில். மாதச் சம்பளத்தில் ஊருக்கும் அனுப்பி, அறை வாடகையும் கொடுத்து, மீதியில் வாழ்கிறவர்தான் இதை யோசித்தாக வேண்டும்.

ஆசையில் தவறில்லை

ஒலிப்பதிவு பணக்காரர் விவகாரம், கூலிக்காரருக்கு எதற்கு இந்த வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. 1963-ல் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டை வெளியிட்டபோது, குரலைப் பதிவு செய்யும் வேலை ஸ்டூடியோவின் கதவைத் தாண்டி வெளியே வந்தது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி ஊருக்கு அனுப்பினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயார், பக்கத்து வீட்டு டேப் ரிகார்டரில் மகன் குரலைக் கேட்டு அழுததும், பதிலுக்குத் தான் பேசிப் பதிவு செய்து அனுப்பியதும் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் எத்தனையோ வீடுகளில் நடந்தவை. 1980-களில் கேசட் மலிந்த பிறகு, பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகள் திரும்பிப் பார்க்காத நாட்டுப்புறப் பாடகர்களின் குரலும் டீக்கடை வரை வந்து சேர்ந்தது.

பாட்காஸ்ட் என்ற சொல் பிறந்தது 2004-ல். அந்தப் பெயருக்குப் பாதி கொடுத்த ஐபாட் கருவியின் உற்பத்தி 2022-ல் நின்றுபோனது, பாட்காஸ்ட் நிற்கவில்லை. கருவி போனாலும் குரல் நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. 2018-ல் வெளிவந்த 'காலா' படத்தின் பாடல்களில் தாராவியின் 'டோப்அடெலிக்ஸ்' குழுவினர் குரல் கொடுத்தார்கள். தாராவிச் சந்துகளிலிருந்து கிளம்பிய குரல் ஊரெல்லாம் கேட்டது. ஆகவே, ஆசைப்படுகிற இளைஞரைக் கேலி செய்வதற்கு எந்த முகாந்திரமும் இல்லை. கேள்வி ஆசையைப் பற்றியதல்ல. செலவின் வரிசையைப் பற்றியது.

முதலில் அறை

புதிதாக வாங்குகிறவர் பெரும்பாலும் விலை உயர்ந்த மைக்கில் தொடங்குகிறார். உண்மையில் முதலில் கவனிக்க வேண்டியது அறை. அதற்குச் செலவு அநேகமாக இல்லை.

காரை பூசிய நான்கு சுவர், சிமெண்டுத் தரை, தகரம் அல்லது கான்கிரீட் கூரை. இப்படிப்பட்ட அறையில் பேசினால் குரல் சுவரில் மோதித் திரும்பி, மைக்கில் இரண்டாம் முறையும் விழும். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போன்ற சத்தம் அப்படித்தான் வருகிறது. பத்தாயிரம் ரூபாய் மைக்கும் இதைத் தீர்க்காது. நல்ல மைக் கிணற்றுச் சத்தத்தையும் நன்றாகவே பிடிக்கும். இதற்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது. பேசுகிறவரின் முதுகுக்குப் பின்னால் கொடியில் இரண்டு ஜமுக்காளம், பக்கவாட்டில் மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்துவது, கீழே ஒரு கம்பளி, இவை போதும். துணி தொங்கும் பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னால் உட்கார்ந்து பேசினாலும் நல்ல பலன் கிடைக்கும்.

கடையில் விற்கும் மேடு பள்ளமான நுரைப் பலகையைச் சுவரில் ஒட்டிவிட்டால் வெளிச் சத்தம் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறான நம்பிக்கை. நுரை, அறைக்குள் எழும் எதிரொலியில் கீச்சென்ற பகுதியை மட்டும் கொஞ்சம் உறிஞ்சும். வெளியே போகும் ஆட்டோவையும், பக்கத்து வீட்டு மிக்ஸியையும் அது தடுக்காது. சத்தத்தைத் தடுக்கக் கனமான சுவரும் இடைவெளியற்ற கதவும் வேண்டும். வாடகை வீட்டில் அது நடக்கிற காரியமல்ல. முட்டை அட்டையை ஒட்டுவது அதைவிட வீண். பூச்சி சேர்வதுதான் மிச்சம்.

தடுக்க முடியாத சத்தத்தை நேரம் பார்த்து ஒதுக்கலாம். எந்தெந்த வேளையில் தெரு அடங்குகிறது என்று ஒரு வாரம் கவனித்துக் குறித்துக்கொண்டால், அந்தக் குறிப்பு எந்த மைக்கை விடவும் பயன்படும். பதிவு செய்யும் அரை மணி நேரத்துக்கு மின்விசிறியையும் ஃபிரிஜ்ஜையும் அணைக்க வேண்டும். ஃபிரிஜ்ஜைத் திரும்பப் போட மறந்து பால் கெட்டுப்போகாமல் இருக்க, வீட்டுச் சாவியை அதற்குள் வைத்துவிடுவது அனுபவஸ்தர்கள் செய்யும் தந்திரம். சாவி எடுக்காமல் யாரும் வெளியே போக முடியாதல்லவா?

எந்த மைக்?

மைக்கில் முக்கியமாக இரண்டு ஜாதி உண்டு. ஒன்று டைனமிக். காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச் சுருள் அசைவதால் மின்சாரம் உண்டாகிற எளிய அமைப்பு இது. மேடைக் கச்சேரிகளில் கையில் பிடித்துப் பாடுவது பெரும்பாலும் இதுதான். 1966-ல் வெளிவந்த ஷ்யூர் எஸ்.எம். 58 இன்றும் உலகெங்கும் மேடைகளில் இருக்கிறது. கீழே விழுந்தாலும் சட்டென்று பழுதாகாது. எதிரே, அருகே உள்ள குரலைத்தான் நன்றாகப் பிடிக்கும். தூரத்துச் சத்தத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தாது.

மற்றொன்று கண்டென்சர். மெல்லிய தகடு ஒன்று குரலுக்கு அதிரும். இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும்; ஸ்டூடியோ மைக்குகளுக்கு 48 வோல்ட் கொடுப்பது வழக்கம். மிக நுட்பமானது. அமைதியான ஸ்டூடியோவில் இதன் அருமை தெரியும். சால் வீட்டில் வைத்தால், பாடுகிறவர் குரலோடு மாடியில் நாற்காலி இழுப்பதும், குழாயடிச் சண்டையும், ரயிலின் ஊதலும் சேர்ந்து பதிவாகும். மும்பை மழைக்காலத்து ஈரம் இதற்கு ஆகாது. பொரிவது போன்ற சத்தம் வரக்கூடும். வாங்கினால் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைத்துக் காக்க வேண்டும்.

ஆக, சத்தமுள்ள ஒற்றை அறையில் வாழ்கிறவருக்குப் பொருத்தமானது டைனமிக் மைக். விளம்பரத்தில் பெரிய பாடகர்கள் முன்னால் தொங்கும் கண்டென்சர் மைக் அழகாகத்தான் இருக்கும். அந்தப் பாடகர்களுக்குப் பின்னால் இருக்கும் அறை விளம்பரத்தில் தெரிவதில்லை.

எந்த மைக்கானாலும் தூரம்தான் முக்கியம். இரண்டடியில் இருக்கும் மைக்கை ஓர் அடிக்குக் கொண்டுவந்தால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். அரை அடிக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல் கூடும். அறையின் இரைச்சலோ இருந்த அளவிலேயே இருக்கும். காசில்லாமல் கிடைக்கும் இந்த லாபத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. வாய்க்கும் மைக்குக்கும் இடையே ஒரு சாணுக்குக் குறையாகவே இருக்கலாம். ஆனால் நேர் எதிரே வைக்காமல் வாயின் ஓரமாகச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். அப்போது 'ப' என்று சொல்லும்போது வரும் காற்று மைக்கில் அறையாது.

பெரும்பாலான பேச்சு மைக்குகள் முன்பக்கத்துச் சத்தத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கத்தை ஒதுக்கிவிடுகிறவை. ஆகவே மைக்கின் முதுகு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் ஜன்னல் இருக்கும்படி உட்கார வேண்டும். பலரும் வெளிச்சத்துக்காக ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, தெருவையே மைக்கின் முகத்துக்கு நேரே நிறுத்திவிடுகிறார்கள்.

கையில் இருக்கும் மொபைல் போனை இந்த இடத்தில் மறக்கக் கூடாது. ஜமுக்காளம் தொங்கிய அறையில், ஒரு சாண் தூரத்தில், அழைப்பு வராதபடி ஃபிளைட் மோடில் போட்டுப் பதிவு செய்த பேச்சு, எதிரொலிக்கும் அறையில் விலை உயர்ந்த மைக்கில் பதிவு செய்த பேச்சை விட நன்றாகவே இருக்கும். முதல் பத்துப் பதிவுகளைப் போனிலேயே செய்து பார்த்தவர்தான் தனக்கு எது குறைகிறது என்று அறிவார். குறை தெரியாமல் மருந்து வாங்குவது எந்த வைத்தியத்தில் சேர்த்தி?

பெட்டியும் ஹெட்ஃபோனும்

பேச்சு மட்டும் போதும் என்பவர், கம்ப்யூட்டரில் நேரே செருகும் யு.எஸ்.பி. மைக் ஒன்றை வாங்கினால் தனிப் பெட்டி தேவையில்லை. இருவர் எதிரெதிரே உட்கார்ந்து பேசினாலோ, குரலும் ஆர்மோனியமும் தனித்தனியே பதிவாக வேண்டுமானாலோதான் ஆடியோ இன்டர்ஃபேஸ் அவசியமாகிறது. இரண்டு மைக் செருகும் வசதியுள்ள பெட்டி ஒரு வீட்டுக்குப் போதும். எட்டு மைக் செருகும் பெட்டியை வாங்கி ஆறு துளையைத் தூசிக்கு விடுவதில் பெருமை இல்லை.

வில்லுப்பாட்டுக் குழுவையே எடுத்துக்கொள்ளலாம். வில், குடம், உடுக்கை, ஜால்ரா, பாடுகிறவர், பின்பாட்டுக்காரர் என்று கணக்கிட்டால் ஆறு மைக் வேண்டும் என்று தோன்றும். பாடுகிறவருக்கு ஒன்று, மற்ற எல்லாருக்கும் சேர்த்து நாலைந்தடி தள்ளி ஒன்று என இரண்டே மைக்கில் பதிவு செய்யலாம். குடத்தின் சத்தம் மிஞ்சினால் குடக்காரர் ஓரடி பின்னால் தள்ளி உட்காருவது வழி. பழைய ஒலிப்பதிவுக்காரர்கள் மைக்கை நகர்த்தியும் ஆளை நகர்த்தியுமே சமன் செய்தார்கள். பறையும் தவிலும் போன்ற வாத்தியங்களை வீட்டுக்குள் பதிவு செய்ய முயலவே வேண்டாம். ஞாயிறு அதிகாலையில் ஒரு மைதானத்தில் திறந்த வெளியில் செய்தால் எதிரொலியும் இல்லை, அண்டை வீட்டார் மனஸ்தாபமும் இல்லை.

ஹெட்ஃபோன் காதை முழுவதும் மூடுகிற, கம்பி உள்ளதாக இருக்க வேண்டும். கம்பியில்லாத புளூடூத் ஹெட்ஃபோனில் சத்தம் சிறிது தாமதமாகக் காதுக்கு வரும்; தாளத்தோடு பாடுகிறவருக்கு அந்தச் சிறு தாமதமே தடுமாற்றம் தந்துவிடும். இன்டர்ஃபேஸ் வாங்கும்போது, பாடும் குரலைக் கம்ப்யூட்டர் வழியாகச் சுற்றாமல் நேரே காதுக்குக் கொடுக்கும் வசதி உண்டா என்று கேட்டு வாங்க வேண்டும். பதிவு அளவை மேலே முட்டவிடாமல், உரத்துப் பாடும் இடத்தில்கூட மைனஸ் 12 டெசிபல் அளவில் நிற்கும்படி வைப்பது நல்லது. முட்டி உடைந்த சத்தத்தைப் பிறகு எந்த மென்பொருளும் முழுதாக ஒட்ட வைக்காது.

மென்பொருளுக்குக் காசு வேண்டுமா?

இந்த இடத்தில்தான் ஏமாற்றம் மிகுதி. மாதச் சந்தா கட்டினால்தான் நல்ல மென்பொருள் கிடைக்கும் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. 2000-ஆம் ஆண்டு வெளிவந்த ஆடாசிட்டி இன்றும் இலவசம்தான். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பேச்சைப் பதிவு செய்ய, இருமலையும் தடுமாற்றத்தையும் வெட்ட, அளவைச் சமன் செய்ய அது தாராளமாகப் போதும். ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு கராஜ்பேண்ட் இலவசமாகவே கிடைக்கிறது. கம்ப்யூட்டரிலேயே தாளமும் சுருதியும் அமைக்க விரும்புகிறவருக்கு எல்.எம்.எம்.எஸ். என்ற இலவச மென்பொருள் உண்டு. பல தடங்களில் இசை அமைக்கிற அளவுக்கு வளர்ந்தவர் ரீப்பரைப் பார்க்கலாம். 60 நாள் சோதித்துப் பார்த்த பிறகு, சொந்த உபயோகத்துக்கு 60 டாலர் கட்டினால் போதும். மாதா மாதம் கப்பம் கட்ட வேண்டியதில்லை.

பூட்டு உடைத்த திருட்டு மென்பொருளை நண்பரிடம் வாங்கிப் போடுவது சிலருக்குச் சாமர்த்தியமாகத் தெரிகிறது. அதே கம்ப்யூட்டரில்தான் பாங்குக் கணக்கும், ஆபீஸ் ரகசிய எண்ணும் இருக்கின்றன. திருட்டு மென்பொருளோடு சேர்ந்து வரும் வைரஸ் எத்தனை பேரின் சேமிப்பில் கை வைத்திருக்கிறது என்பது ஊரறிந்த செய்தி. இலவசமாக நல்லது கிடைக்கும்போது திருட வேண்டிய அவசியம் என்ன?

இரைச்சலை நீக்கும் வசதி பல மென்பொருள்களில் இருக்கிறது. அதை மந்திரக்கோல் என்று நினைக்கக் கூடாது. மின்விசிறி போல ஒரே சீராக வரும் சத்தத்தை அது குறைக்கும். காய்கறிக்காரரின் கூவலைக் குறைக்காது. அதிகம் போட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். பேச்சு தொடங்குமுன் பத்து விநாடி அனைவரும் மௌனமாக இருந்து அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்துகொண்டால், நீக்கும் வேலைக்கு அது உதவும்.

கம்ப்யூட்டருக்கும் இதே நியாயம்தான். பேச்சுப் பதிவுக்கு 8 ஜி.பி. நினைவகம் உள்ள சுமாரான பழைய லாப்டாப் போதும். பதிவின் மூலத்தை 'வேவ்' வடிவத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். விநாடிக்கு 44,100 மாதிரி, 16 பிட், ஒற்றைத் தடம் என்ற அளவில் ஒரு மணி நேரப் பேச்சுக்குச் சுமார் 317 எம்.பி. இடம் பிடிக்கும். ஊருக்கு அனுப்பும்போது அதையே 64 கிலோபிட் எம்.பி.3 ஆக மாற்றினால் 29 எம்.பி.க்குள் அடங்கும். பேச்சுக்கு அது போதும். கிராமத்தில் சிறிய டேட்டா கார்டு போட்டிருக்கும் தங்கையும் தாராளமாகக் கேட்கலாம்.

தவணை என்னும் தூண்டில்

இவ்வளவையும் கூட்டிப் பார்த்தால், ஆரம்பிக்கத் தேவையானவை ஒரு டைனமிக் யு.எஸ்.பி. மைக், ஒரு கம்பி ஹெட்ஃபோன், ஒரு தாங்கி ஆகிய மூன்றுதான். இவற்றை இரண்டு மூன்று மாதம் மிச்சம் பிடித்து, ஒவ்வொன்றாக வாங்கிவிடலாம். ஆனால் கடையில் நடப்பது வேறு. "மாதம் இவ்வளவுதான்; வட்டி கிடையாது" என்று சொல்லி, ஸ்டூடியோக்காரர் வாங்க வேண்டிய சரக்கை எல்லாம் ஒரே மூட்டையாகத் தலையில் கட்டுகிறார்கள்.

வட்டி இல்லாத கடன் என்று ஒன்று உலகத்தில் உண்டா? கிரெடிட் கார்டில் பூஜ்ய சதவீதத் தவணைத் திட்டங்களில் வட்டி என்பது பிராசஸிங் கட்டணம் என்ற பெயரில் மறைந்து வருகிறது என்பதை 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் சுட்டிக்காட்டியது. கட்டணமாக வராவிட்டால், மொத்தப் பணம் கொடுத்து வாங்குகிறவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்காரருக்குக் கிடைக்காமல் போவதில் வரும். பெயர் எதுவானாலும் பை இளைக்கிறது.

சம்பளம் ஒரு மாதம் தாமதமானால், ஊரில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால், தவணை நிற்கும், அபராதம் ஏறும். கடைசியில் மைக்கை வாங்கிய விலையில் பாதிக்கு விற்றுக் கடனைக் கட்ட நேரிடும். பாட்டும் இல்லை, பணமும் இல்லை. "எனக்கு அதிர்ஷ்டம் இல்லை" என்று அந்த இளைஞர் சொல்லிக்கொள்வார். அதிர்ஷ்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வரிசை தவறியதுதான் காரணம்.

ஒருவர் வாங்க வேண்டியதைப் பத்துப் பேர் வாங்கலாம்

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. வாரத்தில் ஒரு மணி நேரம் பதிவு செய்கிறவர் வீட்டில் ஒரு முழுச் சாமான் செட்டு ஏன் முடங்கிக் கிடக்க வேண்டும்? வெளிமாநிலங்களில் தமிழர் வாழும் இடமெல்லாம் சங்கம் இருக்கிறது, மன்றம் இருக்கிறது, கோயில் கமிட்டி இருக்கிறது. பொங்கல் விழாவுக்கு ஒரு நாள் ஒலிபெருக்கி வாடகை கொடுக்கிற பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால், இரண்டு மைக்கும், ஒரு இன்டர்ஃபேஸும், இரண்டு ஹெட்ஃபோனும், ஒரு பழைய லாப்டாப்பும் வாங்கி மன்றத்தின் ஓர் அறையில் வைக்கலாம். புத்தகசாலையில் புத்தகம் எடுப்பது போல, உறுப்பினர்கள் முறை போட்டுப் பயன்படுத்தலாம். மும்பைக்கு லாமிங்டன் ரோடு போல பெங்களூருக்கு எஸ்.பி. ரோடும், டெல்லிக்கு லஜபதிராய் மார்க்கெட்டும் இருப்பதால், சாமான் கிடைப்பது எங்கும் கஷ்டமில்லை.

"பொதுச் சொத்து பாழாய்ப் போகும்; யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்" என்ற ஆட்சேபம் உடனே வரும். நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் சீட்டுப் பிடித்து நாணயமாக நடத்துகிற தமிழர்களுக்கு ஒரு மைக்கைக் காப்பாற்றத் தெரியாதா? ஒரு நோட்டுப் புத்தகம், அதில் எடுத்த நேரம், வைத்த நேரம், கையெழுத்து, பொறுப்புக்கு ஒருவர், உடைத்தவர் செப்பனிட வேண்டும் என்ற விதி. இவை போதும். இதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பார். கருவியைவிட அபூர்வமானது, காது கேட்டு "இங்கே எதிரொலிக்கிறது, இன்னும் கிட்டே வா" என்று சொல்லும் ஒரு துணை.

எதைப் பதிவு செய்வது?

வாங்கியாகிவிட்டது; அறையும் அமைதியாகிவிட்டது. இனி எதைப் பதிவு செய்வது? பெரும்பாலான இளைஞர்கள் சினிமாப் பாட்டைத் தாங்களும் பாடிப் பார்க்கிறார்கள். பழகுவதற்கு அது நல்லதே. ஆனால் படப் பாடலை அப்படியே பின்னணியில் போட்டு நிகழ்ச்சியை வெளியிட்டால், 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் குறுக்கே நிற்கும். உழைப்பெல்லாம் ஒரே நாளில் நீக்கப்படக்கூடும். சொந்தமாக நாலு வரி தாளம் அமைத்துப் போட்டுக்கொள்வது பாதுகாப்பு.

இன்னொரு பொக்கிஷம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தோல் பட்டறையில் வேலை செய்யத் தாராவிக்கு வந்த தலைமுறையின் கடைசிப் பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். முதல் முறை ரயிலில் வந்து இறங்கியபோது பட்ட திகைப்பும், ஹிந்தி தெரியாமல் பட்ட பாடும், சதுப்பு நிலத்தில் குடிசை போட்ட கதையும் அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கின்றன. ஆயாக்களுக்குத் தெரிந்த தாலாட்டும் ஒப்பாரியும் எந்தக் கம்பெனி கேசட்டிலும் அந்த மாதிரியே இல்லை. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும் பாட்டுகள் அவை. பேரக் குழந்தைகளோ ஹிந்தியிலும் மராத்தியிலும் விளையாடுகிறார்கள். இந்தப் பாட்டும் பேச்சும் இன்னும் எத்தனை நாள் கேட்கும்?

கேட்டு, சம்மதம் பெற்று, "இதை வெளியே போடலாமா, வீட்டோடு வைக்கலாமா?" என்று தெளிவாக விசாரித்துப் பதிவு செய்ய வேண்டும். ஒப்பாரி என்பது ஒருவருடைய துக்கம்; அதை விளம்பரமாக்கக் கூடாது. பேசுகிறவரின் பெயர், ஊர், தேதி ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பதிவு முடிந்ததும் ஒரு பிரதி லாப்டாப்பில், ஒரு பிரதி வேறு இடத்தில் என இரண்டாக வைக்க வேண்டும். கூட்ட ரயிலில் தொலைந்த போனோடு ஆயாவின் குரலும் தொலைந்ததென்றால், அதை எந்தத் தவணையிலும் திரும்ப வாங்க முடியாது.

அந்தத் தாய்மாமன் கேட்ட கேள்விக்கு மருமகன் கொடுக்க வேண்டிய பதில் இதுதான். விலைப் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, கொடியில் ஜமுக்காளத்தைப் போட்டு, ஃபிரிஜ்ஜை அணைத்து, சாவியை உள்ளே வைத்து, மொபைல் போனை மாமன் முன்னால் ஒரு சாண் தூரத்தில் நிறுத்தி, "மாமா, நீங்க மொத மொத தாராவிக்கு வந்த கதையச் சொல்லுங்க" என்று கேட்பது. ஆரம்பத்துக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. மைக் அடுத்த போனஸில் வரட்டும்.